மிதியை விடும்போது

வேகம் எடுக்கும்போது அந்த வேனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேட்டில் ஏறும், ஆள் நிறைந்திருந்தாலும் முனகாமல் ஏறும். சம ரோட்டில் ஓடும்போதும் சரிதான். காலை எடுத்தால்தான் வினை. ஆக்சிலேட்டரிலிருந்து கால் மேலே வரும், இனி வேகம் தணியும் என்று உள்ளே இருக்கிறவர்கள் உடம்பைத் தளர்த்துவார்கள், அந்த நேரம் பார்த்து வண்டி வெட்டும். பின்னால் இழுக்கும், முன்னால் தள்ளும், திரும்பவும் இழுக்கும். பிடிக்காத இடத்துக்குக் கூட்டிப்போகிற பிள்ளை கையை உதறுகிற மாதிரி உதறிவிட்டுத்தான் அடங்கும்.

"பஞ்சண்ணே, என் கடவாய்ப் பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப முழுங்கிட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள் ரேடியோ. ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

"பல்லு போனாலும் வாய் நிக்குதா பாரு" என்றது பின் சீட்டு.

"வாய் நின்னா நீங்கல்லாம் தூங்கிடுவீங்கடி. அப்புறம் யாரு ஐஸ் அள்ளுறது?"

வேன் முழுக்கச் சிரித்தது. ஓட்டுகிறவர் சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவியும் சிரிக்கவில்லை. அவள் ஒரு கையால் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் ரோட்டில் இல்லை. அவர் வலது காலில் இருந்தது.

அவருக்குப் பஞ்சு என்று பேர் வைத்தது இந்த மீன் கொட்டகைப் பெண்கள்தான். அவர் வண்டியை நிறுத்தினால் நின்றதே தெரியாது. மடியில் டீ வைத்துக்கொண்டு வரலாம், தளும்பாது. காலை ஷிப்டுக்கு இருட்டோடு இருட்டாக ஏறுகிறவர்களை, அந்த அரைத் தூக்கத்தைக் கலைக்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கொட்டகைக்குள் போய்விட்டால் நாள் முழுக்க ஐஸில் கை. அதற்கு முன் கிடைக்கிற அந்தத் தூக்கம் அவர்களுக்குப் பெரிய சொத்து. அதை அவர் கொடுத்தார் என்று அவர்மேல் ஒரு பிரியம். இப்போது வண்டி உதற ஆரம்பித்ததிலிருந்து யாரும் தூங்குவதில்லை. ஆனாலும் பேர் மட்டும் போகவில்லை. ஒட்டிக்கொண்ட பேர் அவ்வளவு சீக்கிரம் போகாது.

மழை பெய்தும் பெய்யாமலும் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வைப்பர் போகிற பாதை மட்டும் தெளிவு, மற்ற இடமெல்லாம் அழுக்கு. கொட்டகை வாசலில் வளைவு. காலை எடுத்தார். வண்டி வெட்டியது.

"ஆச்சு, வந்துட்டோம்" என்றாள் ரேடியோ. "கண்ண மூடியிருந்தாலும் தெரிஞ்சுடும். எடம் வந்தா வண்டி சொல்லிடுது."

பஞ்சு பிரேக்குக்குக் காலை மாற்றினார். மனைவி அதையும் பார்த்தாள்.

*

கதை வண்டியில் ஆரம்பிக்கவில்லை. ஒரு தூண்டில் முள்ளில் ஆரம்பித்தது.

கொட்டகைக்கு வருகிற பெரிய மீன்களின் வாயில் சிலசமயம் முள் அறுந்து தங்கியிருக்கும். பெண்கள் அதைப் பிடுங்கி டப்பாவில் போடுவார்கள். டப்பாவுக்குள் விழாததும் உண்டு. அப்படி ஒன்று வாசல் சகதியில் கிடந்திருக்கிறது. செருப்பில்லாமல் நடந்து பழகிய பஞ்சு அதை மிதித்திருக்கிறார். மிதித்துவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறார், டயரில் காற்றடித்திருக்கிறார், பெண்களைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார், வீட்டுக்கு வந்து குளித்திருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தபோது தரையில் புள்ளி புள்ளியாக ரத்தம் கிடந்ததை அவர் மனைவி பார்த்தாள். பூனை எதையோ இழுத்துவந்திருக்கிறது என்று நினைத்து வாசல்வரை தேடிப்போனாள். ரத்தம் வாசலிலிருந்து உள்ளே வந்து, அடுக்களையைத் தாண்டி, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் முடிந்தது.

"காலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

உள்ளங்காலில் முள் முழுசாக இறங்கி, வளையம் மட்டும் வெளியே நின்றது. அவள் கத்தவில்லை. மீன் வாயிலிருந்து முள் எடுக்கிற கை. வந்த வழியே இழுத்தால் கிழியும், முன்னே தள்ளி எடுக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். தள்ளினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தள்ளினாள். அவர் வாயில் சோறு இருந்தது. மென்றுகொண்டிருந்தார்.

"வலிக்கலையா?"

"லேசா."

"லேசா எங்க வலிக்குது? சொல்லுங்க, எந்த எடத்துல?"

அவர் அடுத்த கவளத்தைப் பிசைந்தார். அப்புறம் சொன்னார்: "மரத்துப் போயிருக்கும். அதுக்கென்ன இப்ப? நாளெல்லாம் ஐஸ்ல வச்சு உன் கை மரத்துப் போறதில்லையா?"

அந்த வட்டாரத்தில் மரத்துப் போவது ஒரு நோயே இல்லை. கொட்டகையில் வேலை செய்கிற எல்லார் கையும் மத்தியானத்துக்குள் மரத்துவிடும். கத்தி பட்டால்கூட ஐஸ் சிவந்த பிறகுதான் தெரியும். சாயங்காலம் டீக்கடையில் சூடான கிளாஸைச் சுற்றி விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விரல் திரும்பி வரும். வந்ததும் வீட்டுக்குப் போவார்கள். இதைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அவரும் அப்படித்தான் தன் காலை நினைத்துக்கொண்டிருந்தார். வரும், வராமல் எங்கே போகும் என்று.

"என் கை திரும்பி வருது" என்றாள் அவள். "வரும்போது உயிர் போற மாதிரி வலிக்குது. கண்ணுல தண்ணி வந்துடும். உங்க காலு வலிச்சு நான் பாத்ததே இல்லையே."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "பாதத்துல தொடுவேன். தொடும்போது 'ம்' சொல்லுங்க." பஞ்சு சொன்னார். கடிகாரம் அடிக்கிற மாதிரி நிதானமாக, விட்டு விட்டு, "ம்... ம்... ம்..." என்று சொன்னார். அவள் கால்மாட்டில் நின்று பார்த்தாள். அவர் 'ம்' சொன்னபோது இழை டாக்டர் கையில் சும்மா இருந்தது. இழை உள்ளங்காலில் குத்தி வளைந்து நின்றபோது அவர் அடுத்த 'ம்'முக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். வெறுங்காலோடு நடக்கக்கூடாது, தினமும் பாதத்தைப் புரட்டிப் பார்க்கணும் என்றார். என்ன வேலை என்று கேட்டார். பஞ்சு சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "யோசிச்சுக்குங்க" என்றார்.

வாரைப் போட்டுக் கட்டுகிற மெத்துச் செருப்பு ஒன்றை அவள் வாங்கினாள். அவர் அதைப் போடவில்லை. "செருப்பு போட்டா பெடல் தெரியாது" என்றார். அவள் அதை ஒரு பையில் சுற்றி, வேனில் தன் சீட்டுக்கு அடியில் வைத்தாள். என்றைக்காவது கேட்பார் என்று.

அந்தச் சமயத்தில்தான் வண்டி உதற ஆரம்பித்தது.

"கால்தான்" என்றாள் அவள்.

"வண்டிதான்" என்றார் அவர்.

வீட்டில் வேறு பேச்சு இல்லாமல் போய்விட்டது. அவள் சண்டை போடுகிறவளும் இல்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"எனக்கு உங்கமேல கோவமில்ல. பின்னாடி உக்காந்திருக்கிறவ ஒவ்வொருத்தி வீட்டையும் எனக்குத் தெரியும். யாருக்கு எத்தனை பிள்ளைன்னு தெரியும். என் தம்பி பட்டறையில வண்டியை விடுங்க. வண்டியில குத்தமிருந்தா சரி பண்ணட்டும், நீங்க ஓட்டுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். வண்டியில ஒண்ணுமில்லன்னு அவன் சொல்லிட்டா, சாவியைக் குடுத்துடுங்க."

"குடுத்துட்டு?"

"குடுத்துட்டு வீட்டுல இருங்க."

வீட்டில் இருப்பது. அதை அவர் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இருபக்கமும் சுவர் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. பயம்கூட வரவில்லை, அதுதான் அவருக்கே விநோதமாக இருந்தது.

"சரி" என்றார்.

*

மைத்துனனின் பட்டறை டயர்க் கடைக்குப் பின்னால். தகரக் கூரை. மழை விழுந்தால் கத்தித்தான் பேசணும். அவனுக்கு இந்த வண்டி ஒரு மானப் பிரச்சினை ஆகியிருந்தது. பிளக் மாற்றியாச்சு. இன்ஜினுக்குக் காற்று போகிற வாயைக் கழற்றி, ஒட்டியிருந்த கரியையெல்லாம் சுரண்டித் துடைச்சாச்சு. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்த்தாச்சு. ஸ்கேனரை மாட்டினால் அது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பச்சை விளக்கைக் காட்டுகிறது.

"என்ன சொல்லுது உன் பொட்டி?"

"ஒண்ணும் சொல்லல மாமா. வண்டி நல்லாருக்காம்."

"உங்க அக்காதான் அதுக்குள்ள உக்காந்திருக்காளோ என்னவோ."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"மாமா, ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது."

"கோவம் வர மாதிரி கேக்காத."

"நான் ஓட்டினா உதறல. வேணும்னே பஜார் வரைக்கும் போயிட்டு வந்தேன். ஒரு தடவைகூட உதறல. நீங்க ஓட்டினா உதறுது. நான் என்ன நினைக்கிறது?"

"நினைக்கிறதைச் சொல்லு."

"சொல்லலையே மாமா. கேட்டேன், அவ்வளவுதான்."

தகரத்தில் மழை விழுந்தது. பஞ்சு தன் காலைப் பார்த்தார். சேறு காய்ந்து விரலிடுக்கில் வெள்ளையாக இருந்தது. அடுத்தவன் கால் மாதிரி இருந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான் அவன். "அதையும் பாத்துடுவோம். ஏறி உக்காருங்க. சாவியை மட்டும் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம்."

பானட்டைத் தூக்கினான். மூலையிலிருந்து பழைய மீட்டர் ஒன்றை எடுத்துவந்தான். எண் காட்டுகிற மீட்டர் அவனிடம் இருந்தது. இது முள் ஆடுகிற மீட்டர். எண் பார்க்கிறதற்குள் மாறிவிடும், முள் குதித்தால் கண்ணுக்குத் தப்பாது என்றான்.

"இங்க ஒரு சென்சார் இருக்கு மாமா. நீங்க எவ்வளவு மிதிக்கிறீங்கன்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். மிதிச்சா முள் ஏறணும், விட்டா இறங்கணும். நடுவுல எங்கயும் துள்ளக் கூடாது. மெதுவா மிதிங்க. இன்னும். இன்னும் மெதுவா... ம். இப்ப விடுங்க. விடுங்க, விடுங்க... அய்ய."

"என்ன?"

"குதிச்சுது. மாமா, காலை ஆட்டாதீங்க."

"ஆட்டலையே."

"மறுபடி மிதிங்க. சரி. இப்ப விடுங்க... பாருங்க, ஆட்டுறீங்க."

"ஆட்டலன்னு சொல்றேன்ல?"

"ஆடுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

கேட்டுவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். அக்கா புருஷனிடம் கேட்கிற கேள்வியா அது. ஆனால் பஞ்சுவுக்குக் கோபம் வரவில்லை. அவர் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினார். உண்மையாகவே தேடினார். முழங்கால் வரைக்கும் இறங்கிப்போனார். அதற்குக் கீழே பஞ்சுதான் இருந்தது. நாலு பேர் வைத்த பேர் அங்கே போய்ப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

"தெரியாது" என்றார்.

மைத்துனன் மீட்டரை ஓரமாக வைத்தான். அப்புறம், "காலை எடுத்துக் கீழ வைங்க மாமா. முழுசா. நானே கையால திருப்பிப் பாக்குறேன்" என்றான்.

அவர் காலை எடுத்துக் கதவுக்கு வெளியே தொங்கப்போட்டார். மழை பாதத்தில் விழுவதைக் கண்ணால் பார்த்தார்.

அவன் உள்ளே கையை விட்டு, கம்பி இழுக்கிற இடத்தை விரலால் பிடித்து மெதுவாகத் திறந்தான். மெதுவாக மூடினான். மறுபடி திறந்து, இன்னும் மெதுவாக மூடினான்.

"மாமா."

"என்ன?"

"உங்க கால் வெளியிலதான இருக்கு?"

"நனையுது. வேணும்னா வந்து பாத்துக்கோ."

"எனக்கும் குதிக்குது மாமா! மூடுறதுக்குச் சித்த முன்னாடி, சரியா அந்த எடத்துல குதிக்குது. தேஞ்சு போச்சு உள்ள. தினமும் அங்கயே போய் வந்து போய் வந்து தேஞ்சு போச்சு." அவன் முகம் மின்னியது. "நான் ஓட்டினா ஏன் உதறலன்னு இப்பத்தான் புரியுது. நான் டக்குனு காலை எடுக்குறவன். தேஞ்ச எடத்தை ஒரே தாவா தாவிடுறேன். நீங்க சொட்டுச் சொட்டா விடுறீங்க. விட்டாங்களா, விடலையா, மறுபடி மிதிச்சுட்டாங்களான்னு தெரியாம கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துது, குடுக்குது, நிறுத்துது. வண்டி உதறாம என்ன செய்யும்? முரட்டுக் கால் ஓட்டியிருந்தா இது வெளியவே வந்திருக்காது. உங்க கால்தான் இதைக் கண்டுபுடிச்சுக் குடுத்திருக்கு!"

அந்த வாக்கியத்தைப் பஞ்சு வாங்கி வைத்துக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டியது என்று தெரிந்தது. அப்புறம் படலாம் என்று வைத்துக்கொண்டார்.

அவன் அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டான். "அக்கா, வண்டிதான். சென்சாரு. மாமா கால் இல்ல. ஆமா, என் கையாலயே பாத்தேன். இல்லக்கா, அவருக்காகச் சொல்லல, நிஜமாத்தான்." அந்தப் பக்கமிருந்து ஐஸ் கொட்டுகிற சத்தம் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "சரி, வேலையிருக்கு" என்று வைத்துவிட்டாள்.

சாமான் கடையிலிருந்து புது சென்சார் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இதற்கா இவ்வளவு பாடு என்கிற மாதிரி இருந்தது. மாட்டினான், முள்ளைப் பார்த்தான், வழவழவென்று ஏறி வழவழவென்று இறங்கியது.

"வாங்க மாமா, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

பட்டறைச் சந்து தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். வேகம் எடுத்தார். காலை விட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு படி இருக்கிறது என்று நம்பி இருட்டில் கால் வைத்து, அங்கே தரை வந்த மாதிரி ஒரு திடுக்கம். வண்டி தணிந்துகொண்டுதான் இருந்தது. அது அவருக்குக் கண்ணாடிக்கு வெளியே மரங்கள் மெதுவானதில்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தார். கால் மிதியை விட்டு மேலே நின்றது.

"எப்படி? வெண்ணெய்ல கத்தி விட்ட மாதிரி இல்ல?" என்றான் மைத்துனன்.

"ம்."

மறுபடி மிதித்தார், மறுபடி விட்டார். மறுபடி குனிந்து பார்த்தார். பிரேக்கைப் பற்றிக் கவலையில்லை. அது கனமான மிதி, அழுத்தினால் தொடைக்குத் தெரியும். கிளட்சும் அப்படியே. ஆக்சிலேட்டர்தான் உள்ளங்கால் சங்கதி. உள்ளங்கால் எப்போதோ கைவிட்டிருக்கிறது, அந்த வேலையை உதறல் ஏற்றுக்கொண்டு செய்திருக்கிறது. வண்டி வெட்டினால் கால் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே பிரேக்குக்கு மாற்றுவார். இத்தனை நாள் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். ஓட்டியது அவருக்கே தெரியாது.

பட்டறைக்குத் திரும்பி வந்ததும் கேட்டார்: "பழசை என்ன பண்ணுவ?"

"குப்பையில போட வேண்டியதுதான்."

"அதையே திரும்ப மாட்ட முடியுமா?"

மைத்துனன் அவரைப் பார்த்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சவன் வயித்துல அடிக்கிறீங்களே! அக்காகிட்ட சொல்றேன் இருங்க, பழசுமேல உங்களுக்கு இவ்வளவு ஆசையான்னு அது சந்தோஷப்படும்."

அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*

சாயங்காலம் கொட்டகை வாசலில் பெண்கள் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விரல் வந்தவர்கள் ஏறினார்கள். அவர் மனைவி ஏறும்போது அவர் தோளைத் தொட்டுவிட்டு ஏறினாள். நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்ததில்லை.

"சரியாயிடுச்சாமே!" என்றாள் ரேடியோ. "அண்ணி உள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. மைக் இல்லாததுதான் குறை. என் வேலைக்கே போட்டியா வந்துடுவாங்க போல."

"சென்சாருதான். உங்க அண்ணன் காலை நான்தான் சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள் மனைவி. முகம் கழுவின மாதிரி இருந்தது அவளுக்கு.

"புருஷனைச் சந்தேகப்படலாம் அண்ணி, காலைச் சந்தேகப்படலாமா? பாவம் அது என்ன பண்ணுச்சு?"

வண்டி கிளம்பியது. முதல் நிறுத்தம் வந்தது. அவர் குனிந்து பார்த்து, கால் மேலே இருப்பதைப் பார்த்து, பிரேக்குக்கு மாற்றினார். இரண்டாவதும் அப்படியே. வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. "அய்யோ, நின்னுடுச்சா? நான் பாக்கவே இல்ல" என்று ஒருத்தி பையைத் தேடினாள். எல்லாரும் கை தட்டினார்கள். மழை பலமாகி, கூரையில் கொட்ட ஆரம்பித்தது. இன்ஜின் சத்தம் அதற்குள் முங்கிப்போனது.

ரேடியோவின் வீடு இறக்கத்தில், வளைவுக்கு முன்னால். எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. குனிய முடியவில்லை. காலை எடுத்தார். எடுத்துவிட்டு, வண்டி தணியட்டும் என்று இருந்தார். தணியவில்லை. இறக்கம் என்று நினைத்தார்.

"அண்ணே. அண்ணே! என் வீடு போயிடுச்சு!"

லாரி தாண்டியதும் குனிந்து பார்த்தார். கால் மிதிமேல் இருந்தது. சாவகாசமாக, சொந்த வீட்டில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

தொடையால் பிரேக்கை அழுத்தினார். வண்டி வளைவைத் தொட்டுக்கொண்டு நின்றது. தடுப்புச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம்.

"வண்டி புதுசானதும் அண்ணன் நம்மளை மறந்துட்டார்டி" என்றாள் ரேடியோ இறங்கிக்கொண்டே. "பரவால்ல, மழையில நடந்தா தூக்கம் கலையும். நாளைக்கு வீட்டுக்குள்ளயே கொண்டுவந்து நிறுத்துங்க, கணக்கு சரியாயிடும்." உள்ளே ஒரே சிரிப்பு. அவர் கண்ணாடியில் அந்த முகங்களைப் பார்த்தார். சிரிக்கிற முகம், தலை சாய்ந்து தூங்குகிற முகம். உதறல் நின்றதும் தூக்கம் திரும்பி வந்திருந்தது. அவருக்கு நெஞ்சு படபடக்கவில்லை. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல் இருந்தது.

மிச்சமிருந்தவர்களை இறக்குவதற்குள் முதல் கியரை விட்டு மேலே போகவில்லை. நடக்கிறவன் தாண்டிப் போகிற வேகம். யாரும் கேட்கவில்லை. மழைக்கு மெதுவாகப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசி ஆளும் இறங்கியபின், "ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்குறே?" என்று பக்கத்தில் திரும்பினார்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கை மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வண்டி உதற ஆரம்பித்த நாளிலிருந்து அந்த சீட்டில் அவள் கண் மூடி அவர் பார்த்ததில்லை. வீட்டில்கூட, அவர் புரண்டால் அவள் விழித்திருப்பது தெரியும்.

வீட்டுக்கு இன்னும் கடைத்தெரு ஒன்றுதான் பாக்கி. மெதுவாகவே போய்விடலாம். நாளைக்கும் குனிந்து குனிந்து பார்த்து ஓட்டலாம். பழகிவிடும். பழசுக்குப் பழகவில்லையா? அவள் இப்படியே தூங்குவாள். ஒருத்திக்கும் தெரியப்போவதில்லை.

அவர் வண்டியை ஓரம் கட்டி, பூட்டியிருந்த ஒரு கடைக்கு முன்னால் நிறுத்தினார். சாவியைத் திருப்பி வெளியே எடுத்தார்.

இன்ஜின் நின்றதும் அவள் விழித்தாள். "வந்துட்டோமா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் நிறுத்துனீங்க? மறுபடி உதறுச்சா?"

"உதறல."

"நான் தூங்கிட்டேன் போல. எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பத்தான் நிறுத்தினேன்."

அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் சாவியை அவள் மடியில் கிடந்த கையில் வைத்தார்.

"என்ன இது?"

"வச்சுக்கோ."

"தம்பிதான் சொல்லிட்டானே, வண்டிதான்னு. சரியும் பண்ணியாச்சு."

"அவன் சொன்னது நிஜம்தான். நல்லா பண்ணியிருக்கான். ஒரு உதறல் இல்ல." அவர் கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உதறினாத்தான் எனக்குக் கால் மேல வந்தது தெரியும். அதை வச்சுத்தான் ஓட்டியிருக்கேன். இப்ப அது சொல்ல மாட்டேங்குது. ரேடியோ வீட்டுக்கிட்ட நான் எடுத்துட்டேன்னு நினைச்சேன். எடுக்கல."

அவள் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை சாவிமேல் மூடிக்கொண்டது.

"நான் தூங்கிட்டிருந்தப்பவா?"

"அப்ப முழிச்சுத்தான் இருந்தே. சிரிச்சுக்கிட்டிருந்தே."

"ம்" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. நாளைக் காலையில் ஓட்ட ஆள் வேணும், தம்பிக்குத் தெரிந்த பையன் ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கேட்கலாம் என்றாள். அவர் சரி என்றார். வண்டி இங்கேயே நிற்கட்டும், தம்பி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். அதற்கும் சரி என்றார். பேசி முடித்தபின்னும் இரண்டு பேரும் இறங்கவில்லை. கடைத்தெருவில் ஒவ்வொரு ஷட்டராக இறங்குகிற சத்தம் கேட்டது.

"அந்தச் செருப்பு எங்க?" என்று கேட்டார்.

அவள் குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து பையை எடுத்துப் பிரித்தாள். இடது காலுக்கு அவரே மாட்டிக்கொண்டார். வலது காலுக்கு மாட்டும்போது கடைத்தெரு விளக்கு அந்தப் பக்கம் விழவில்லை. காலைத் தூக்கி உள்ளே விட்டார், வாரைத் தேடி இழுத்துக் கட்டினார்.

"உள்ள போயிடுச்சா பாரு" என்றார்.

அவள் கீழே கையை விட்டு, குதிகாலிலிருந்து விரல் நுனிவரை தடவிப் பார்த்தாள்.

"போயிடுச்சு" என்றாள். "இறங்குங்க."